ஐந்து விழுமியங்களும் என் வாக்குச்சீட்டும்

சான் பிரான்சிஸ்கோ நகருக்குள்ளேயே குடியிருந்துகொண்டு பிள்ளையைப் பப்ளிக் ஸ்கூலில் படிக்க வைக்கிறோம் என்று சொன்னால் நம்மவர்கள் முகத்தில் ஒரு சின்னப் பரிதாபம் வந்துபோகும். "ஏம்மா, ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு பார்க்கலையா?" என்பது அடுத்த கேள்வி. ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ, டப்ளின், சான் ரமோன் என்று வளைகுடாப் பகுதியில் நம்மவர்கள் வீடு தேடும் ஊர்களின் வரிசையே, பள்ளிகளுக்கு இணையதளங்கள் போடும் மதிப்பெண்களின் வரிசைதான். பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி பக்கத்தில் இருந்தால் போதும், அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத வீட்டுக்குக்கூட இருபது லட்சம் டாலர் கொடுக்கத் தயார். நாங்கள் போகவில்லை. கணவரின் ஆபீஸ் நகருக்குள் இருந்தது, எனக்கு இந்த ஊரின் பனிமூட்டமும் பஸ்ஸும் பிடித்துப்போயின. காரணம் அவ்வளவுதான், லட்சியம் கிட்சியம் எதுவும் இல்லை. ஆனால் போகாமல் இருந்துவிட்டதால், இந்த நகரத்துப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது, நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. அதில் ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்தலுக்குக் காரணம் ஒரு போஸ்டர். மகன் கிண்டர்கார்டன் சேர்ந்த பள்ளியின் அலுவலகத்தில், பிள்ளைகள் தொலைத்துவிட்டுப்போன ஸ்வெட்டர்களும் தண்ணீர் பாட்டில்களும் குவிந்துகிடக்கும் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தது. டிஸ்ட்ரிக்ட்டின் ஆதார விழுமியங்கள் ஐந்து: மாணவரை மையத்தில் வைப்பது, அஞ்சாமை, ஒன்றுபட்டு நிற்பது, சமூக நீதி, பன்மையைப் போற்றுவது. ஆங்கிலத்தில் இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் டிஸ்ட்ரிக்ட்டின் பெயர்ச்சுருக்கமான எஸ்எஃப்யுஎஸ்டி வந்துவிடும். யாரோ ஒரு மீட்டிங் அறையில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்து எழுத்துக்கு எழுத்து பொருத்தியிருக்கிறார்கள். நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் குறிப்பை டிக்கெட் என்போம். எல்லா டிக்கெட்டுக்கும் 'முதல் முன்னுரிமை' என்று போட்டு அனுப்பும் மேனேஜர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். இரண்டு டிக்கெட் மோதினால் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், "ரெண்டுமே முக்கியம்தான்" என்பார்கள். அந்தப் போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு அந்த மேனேஜர்கள் ஞாபகம்தான் வந்தது. ஐந்தில் ஒன்றைக்கூட யாரும் மறுத்துப் பேச முடியாது. மாணவர்களை மையத்தில் வைக்க மாட்டோம் என்று எந்தப் பள்ளி சொல்லும்? ஐந்தும் ஒத்துப்போகிற வரை போஸ்டருக்கு வேலையே இல்லை. மோதும் நாளில் யார் வீட்டுப் பிள்ளைக்கு 'இல்லை' என்று சொல்லப்போகிறார்கள், அதை அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வழக்குப் போட்டு வாங்கியவை

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்கள் ஆங்கிலத்தோடு சீனத்திலும் ஸ்பானிஷிலும் அச்சாகி வரும். தமிழ் கிடையாது, நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. போஸ்டரில் இருக்கிற பன்மை இதுதான் போலிருக்கிறது, நல்ல மனசுக்காரர்கள் என்று முதலில் நினைத்தேன். பள்ளி விடும் நேரத்தில் பேரனுக்காகக் காத்திருக்கும் சீனத் தாத்தா ஒருவரோடு பேச்சுப் பழக்கம் உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "மனசெல்லாம் இல்லை. கோர்ட்டு" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

1970களின் தொடக்கத்தில் இந்த நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் மற்ற பிள்ளைகளோடு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அதே ஆசிரியர், அதே புத்தகம், பிறகென்ன குறை என்பது டிஸ்ட்ரிக்ட்டின் வாதம். கீழ்க் கோர்ட்டுகள் அதை ஒப்புக்கொண்டன. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாகப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது என்பது அதன் சாரம். அமெரிக்கா முழுவதும் இன்று ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவிக்கெல்லாம் அடித்தளம் இந்தத் தீர்ப்புதான். வழக்கில் நிக்கல்ஸ் என்பவர், டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் குழுவான சான் பிரான்சிஸ்கோ ஸ்கூல் போர்டின் அப்போதைய தலைவர். அதாவது, இன்று சுவரில் பன்மையைப் போற்றும் அதே டிஸ்ட்ரிக்ட்தான் அன்று எதிர்வாதி.

இன்னும் பின்னால் போனால் இன்னும் கசப்பு. 1884இல் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சீனப் பெண்ணை ஸ்பிரிங் வேலி பள்ளியில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1885இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. உடனே சட்டசபையில் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மேமி மறுபடி போனபோது தடுப்பூசிச் சான்றிதழ் சரியில்லை, வகுப்பு நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சான்றிதழைக் காட்டி வாசலில் நிறுத்துகிற வித்தை நமக்குப் புதிதல்ல. கடைசியில் சீனர்களுக்கான பள்ளியில்தான் அவள் படித்தாள். 1906இல் ஜப்பானியப் பிள்ளைகளையும் தனிப் பள்ளிக்குத் தள்ள போர்டு உத்தரவிட்டபோது அது ஜப்பானோடு ராஜதந்திரச் சிக்கலாகி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தலையிட்டுச் சமாதானம் பேச வேண்டியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்ததற்காக 1978இல் தொடுத்த வழக்கு 1983இல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. எந்தப் பள்ளியிலும் ஓர் இனத்துப் பிள்ளைகள் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சிறப்புப் பள்ளிகளில் 40 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான லோவல் உயர்நிலைப் பள்ளியில் சேர, சீனப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்க வேண்டிய நிலைமை இதனால் வந்தது. 1994இல் சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1999இல் சமரசம் ஏற்பட்டு, பிள்ளையின் இனத்தைப் பார்த்து இடம் கொடுக்கும் முறை போனது. ஒரு தலைமுறைக்கு முன் சமத்துவம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன அதே சமூகம், அடுத்த தலைமுறையில் சமத்துவத்துக்காகப் போட்ட விதியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவையும் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். போஸ்டரில் பக்கத்துப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் வரிகளுக்கு இடையே இவ்வளவு பகை.

லாட்டரியும் கவுன்சலிங்கும்

இனத்தைப் பார்க்கக்கூடாது என்றான பிறகு டிஸ்ட்ரிக்ட் வேறு வழிகளைத் தேடி, கடைசியில் லாட்டரியில் வந்து நின்றது. இங்கே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்பப் பள்ளி தானாகக் கிடைத்துவிடாது. எந்தெந்தப் பள்ளி வேண்டும் என்று வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன், அக்கா படிக்கும் பள்ளி என்றால் முன்னுரிமை. தேர்வு மதிப்பெண் மிகக் குறைவாக இருக்கும் பகுதிகளில் குடியிருந்தால் முன்னுரிமை. பக்கத்து வீடு என்பதற்கும் கொஞ்சம் உண்டு. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பிள்ளைகளைவிட நாய்கள் அதிகம் என்று கேலி பேசப்படும் இந்த ஊரில், இருக்கிற கொஞ்சம் பிள்ளைகளின் பெற்றோரும் முடிவு வரும் மார்ச் மாதத்தில் தூக்கம் கெட்டுத் திரிவார்கள். எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலிலேயே இல்லாத ஒரு பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். போகப்போக அந்தப் பள்ளி எங்களுக்கு நன்றாகவே அமைந்தது, அது வேறு கதை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த கோபம் பள்ளியின் மேல் அல்ல. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, அதன் மேல்.

அப்போதுதான் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் நினைவுக்கு வந்தது. 2003இல் அப்பாவோடு சென்னைக்குப் போனேன். அந்தக் கூடத்தில் பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் பொதுப்பிரிவில் இத்தனை இடம், பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, எஸ்சி, எஸ்டிக்கு இத்தனை என்று ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஓர் இடத்தை எடுத்தால் நம் கண் முன்னாலேயே எண் ஒன்று குறையும். எனக்கு வேண்டிய கல்லூரியில் எனக்கு முன்னால் போன பெண் கடைசி இடத்தை எடுத்ததைப் பார்த்தேன். அழுகை வந்தது. ஆனால் யாருக்குப் போனது, எந்த விதிப்படி போனது, அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கும் இல்லை. அவர் தாத்தா பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை என்பதைக் கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்ந்தவள். 2007இல் அந்தத் தேர்வு ஒழிந்தபின் தம்பி பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி இன்றும் சண்டை நடக்கும். சண்டை போட முடிகிறது, ஏனென்றால் விதி என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். பேவியூ பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு என் மகனைவிட முன்னுரிமை கொடுத்திருக்கிறோம் என்று டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து சொல்லியிருந்தால், சரி என்று சொல்லியிருப்பேன். சமூக நீதி என்பது சுவரில் படிக்கிற சமாசாரமாக எனக்கு வந்ததில்லை.

இதில் வேடிக்கை, இவ்வளவு சுற்றி வளைத்தும் லாட்டரி தன் வேலையைச் செய்யவில்லை. விவரம் தெரிந்தவர்களும் நேரம் இருப்பவர்களும் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பள்ளிகள் மறுபடி பிரிந்துபோயின. முறையை மாற்ற வேண்டும் என்று 2018இல் போர்டே தீர்மானம் போட்டது. 2020 டிசம்பரில் ஊரை மண்டலங்களாகப் பிரிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது.

தலைப்பில் இல்லாத முடிவு

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் மற்ற பல ஊர்களில் திறந்த பிறகும் இங்கே திறக்கவில்லை. மகன் முதல் வகுப்பை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், லேப்டாப் திரையில் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. ஆசிரியை திரையில் உதட்டைக் குவித்து ஒலியைச் சொல்லிக் காட்டுவார், இணைப்பு ஒரு விநாடி பின்தங்கி வரும், ஒலி ஒருபக்கமும் உதடு ஒருபக்கமுமாக இருக்கும். அவன் பாதி வகுப்பில் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். இந்த நேரத்தில்தான், 2021 ஜனவரியில், நகரத்துப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான 44 பள்ளிகளின் பெயரை மாற்ற போர்டு முடிவு செய்தது. வாஷிங்டன், லிங்கன் பெயர்கள்கூடப் பட்டியலில். பால் ரிவியர் என்ற சுதந்திரப் போர்க்காலத்து ஆளின் பெயரை நீக்கச் சொன்ன காரணம் வரலாற்றைத் தப்பாகப் படித்ததால் வந்தது என்று பிறகு தெரிந்தது. திறக்காத பள்ளிக்குப் பெயர் மாற்றமா என்று நாடே சிரித்தது. பிப்ரவரியில் நகர நிர்வாகமே டிஸ்ட்ரிக்ட் மேல் வழக்குப் போட்டது. ஏப்ரலில் பெயர் மாற்றத்தைக் கைவிட்டார்கள்.

பெயர் மாற்றம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. மெட்ராஸ் சென்னையானதைப் பார்த்தவள் நான், பெயர்கள் வரும் போகும். என்னை மாற்றியது வேறொன்று. 2021 பிப்ரவரி 9ஆம் தேதி லோவல் பள்ளியில் மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கையை நிரந்தரமாக எடுத்துவிட்டு லாட்டரிக்கு மாற்ற போர்டு ஐந்துக்கு இரண்டு என்று வாக்களித்தது. 1856இல் தொடங்கிய பள்ளி அது. மாணவர்களில் பாதிக்கு மேல் ஆசிய வம்சாவளி, கறுப்பினப் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகள் அங்கே பட்ட அவமானங்கள் உண்மை. அதற்குச் சேர்க்கை முறையை மாற்றுவதுதான் மருந்தா என்று இரண்டு பக்கமும் பேசலாம். எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் பேசவும் செய்தார்கள். ஊரில் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிற அண்ணன் ஒருவர் லோவல் என்றதும் 'தகுதி, திறமை' என்று ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, அங்க ஒரு நியாயம் இங்க ஒரு நியாயமா?" என்று கேட்டேன். "அது வேறம்மா" என்றார். எப்படி வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

நான் லாட்டரி பக்கம் சாய்ந்தவள்தான் அப்போது. அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவைப் படிக்கும்வரை. லோவல் பள்ளியில் தொடர்ந்து நிலவும் அமைப்புரீதியான இனவெறிக்கு எதிர்வினையாக ஒரு தீர்மானம் என்று இருந்தது தலைப்பு. சேர்க்கை முறையை மாற்றப்போகிறோம் என்பது அதில் இல்லை. நான் தலைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுவரில் இருந்த விழுமியம் முழுசாக அதில் இருந்தது. எடுக்கப்போகும் முடிவு மட்டும் இல்லை. ஏழாம் வகுப்பிலிருந்து லோவலுக்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் அம்மா, ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவுகிற சீன அம்மாவாகவே இருக்கட்டும், அந்தத் தலைப்பைப் பார்த்தால் இது தன் பிள்ளையைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நீ என்ன இழக்கப்போகிறாய் என்று அவளிடம் சொல்லாமலேயே அவளிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த வருட நவம்பரில் நீதிபதியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். பொதுக்கூட்டங்களில் என்ன முடிவெடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தைப் போர்டு மீறிவிட்டது என்று தீர்மானத்தைச் செல்லாததாக்கினார்.

போஸ்டரில் என்னை உறுத்தியது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கே பிடிபட்டது. விழுமியத்தைச் சத்தமாகச் சொல்லும்போது முடிவை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போக வசதியாக இருக்கிறது. கேள்வி கேட்பவர் விழுமியத்துக்கு எதிரி ஆகிவிடுவார், அவ்வளவுதான்.

மூன்று கேள்விகள் மட்டும் உள்ள சீட்டு

போர்டு உறுப்பினர்கள் ஏழு பேரில் மூவரைப் பதவி நீக்க 2022 பிப்ரவரி 15ஆம் தேதி தேர்தல் வைத்தார்கள். மற்ற நால்வரும் 2020 நவம்பர் தேர்தலில்தான் வென்றவர்கள் என்பதால் அவர்களைத் தொட முடியாது. இந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சிவ ராஜ், இந்தியாவிலிருந்து வந்தவர், நம்மைப் போலவே டெக் ஆள். நமக்கு எங்கே ஓட்டு என்று நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்த நகரத்தில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். 2016இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த விதி. 19 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளை நகருக்குள் இருந்தால் போதும். ஹெச்1பி வேலை விசாவும் செல்லும்.

பதிவுப் படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். அதில் கையெழுத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் தரும் பெயரும் முகவரியும் குடியேற்றத் துறையினர் கைக்குப் போகலாம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், அமெரிக்காவில் எப்போதாவது எந்தத் தேர்தலிலாவது வாக்களிக்கப் பதிவு செய்தீர்களா என்று கேட்பார்கள். பதிவு செய்யும் முன் வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது. கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "கிரீன் கார்டு வரிசையில பத்து வருஷமா நிக்கிறோம். இது தேவையா உனக்கு?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தெருவிலேயே தெரிந்த இரண்டு குடும்பம் இந்த வரியைப் பார்த்துப் படிவத்தை மடித்து வைத்துவிட்டது. நான் யோசித்தது ஒன்றுதான். இந்தப் படிவம் என்னிடம் விலையைச் சொல்லிவிட்டது. என்ன கிடைக்கும், அதற்கு என்ன ஆபத்து என்று கறுப்பு எழுத்தில் போட்டுவிட்டு, இப்போது முடிவெடு என்கிறது. அரசாங்கக் காகிதம் ஒன்று என்னை இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தபாலில் வந்த வாக்குச்சீட்டில் மூன்றே கேள்விகள். மற்றவர்களின் சீட்டில் வேறு பதவிகளும் இருந்தன, எங்களுக்குப் போர்டு மட்டும். பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று உறுப்பினர்கள் நம்புவதில் பாதியை நானும் நம்புகிறேன். நீக்க வேண்டும் என்று சத்தம் போடுபவர்களில் சிலர் பேசுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. பணக்காரர்கள் இந்தப் பிரசாரத்தில் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். இருந்தும் இருவரை நீக்கலாம் என்றும், ஒருவர் இருக்கட்டும் என்றும் குறித்தேன். யார் யாரென்று சொல்லப்போவதில்லை, வீட்டிலேயே சொல்லவில்லை. மூவரும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். சமூக நீதியை மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கொண்டாடியது, இன்னொரு கூட்டம் புலம்பியது. என் சீட்டில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. புதிய உறுப்பினர்கள் வந்தபின் அந்த ஜூனில் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் லோவலுக்குப் பழைய சேர்க்கை முறை திரும்பியது. அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் எதற்கு வாக்களிக்கிறார்கள் என்று அந்த இரவு ஊருக்கே தெரிந்திருந்தது.

போஸ்டரில் இல்லாதது

இந்தக் கூச்சலுக்கு நடுவே நடந்த ஒன்றை நம்மவர்கள் அதிகம் கவனிக்கவில்லை. 2022 ஜனவரியில் டிஸ்ட்ரிக்ட் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவாகப் போனது, சிலருக்குப் போகவே இல்லை, காப்பீட்டுப் பிடித்தங்களில் குளறுபடி. அந்த மார்ச்சில் ஆசிரியர்கள் தலைமை அலுவலகத்திலேயே ராத்தங்கிப் போராடினார்கள். நவம்பரில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. இது என் தொழில் என்பதால் எனக்குக் கூடுதலாக வலித்தது. சோதிக்காமல் ஒரு சம்பள மென்பொருளை நேரலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எந்த ஜூனியர் டெஸ்டரும் சொல்லிவிடுவான். மாதக் கடைசியில் சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளத்தைச் சரியாகப் போடுவது எந்த விழுமியத்தின் கீழ் வரும்? ஐந்திலும் தேடினேன். 'அஞ்சாமை'யில் வேண்டுமானால் சேர்க்கலாம், வாடகை கட்ட முடியாமல் பாடம் நடத்தியவர்களுக்கு.

கணக்கு விஷயமும் அப்படித்தான் போனது. 2014இல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில்தான் படிக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சிறுவயதிலேயே கெட்டிக்காரன், மக்கு என்று இரண்டு வரிசையாகப் பிரித்தால் கறுப்பின, லத்தீனப் பிள்ளைகள் பின்வரிசையிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது காரணம். காரணம் நியாயம். நடந்தது வேறு. வசதி இருந்தவர்கள் வெளியே பணம் கட்டி அல்ஜீப்ரா படித்துவிட்டு வந்தார்கள். உயர்கணக்கு வகுப்புகளில் இனங்களுக்கு இடையிலான இடைவெளி குறையவில்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2024 மார்ச்சில், எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ராவைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதமே போர்டும் இறங்கி வந்துவிட்டது. நம்மூர் ஆட்களுக்கு இது பெரிய வெற்றி, லட்டு கொடுக்காத குறை. எனக்கு அந்தப் பத்து வருடத்தில் எட்டாம் வகுப்பைக் கடந்துபோன, டியூஷன் வைக்க வழியில்லாத, கணக்கில் கெட்டியான பிள்ளைகள் ஞாபகம். சமூக நீதியின் பேரில் எடுத்த முடிவு, யாருக்காக எடுத்தார்களோ அவர்களில் கெட்டிக்காரர்களைத்தான் முதலில் அடித்தது.

2022 அக்டோபரில் போர்டு புதிதாக ஒன்று செய்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் வகுப்பில் வகுப்புக்கேற்ற அளவு படிக்கத் தெரிந்த பிள்ளைகள் 52 சதவீதம், அதை 2027 அக்டோபருக்குள் 70 ஆக்குவோம். எட்டாம் வகுப்புக் கணக்கு 42 சதவீதம், அதை 65 ஆக்குவோம் என்று எண் போட்டு எழுதினார்கள். அதோடு, இந்த இலக்கை அடைகிறேன் என்று சொல்லிக்கொண்டு டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தடுப்பு வேலிகளும் போட்டார்கள். பாதிக்கப்படப்போகிறவர்களைக் கலந்து பேசாமல் பெரிய முடிவு எடுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. இன்னதைச் செய்ய மாட்டேன் என்கிற உறுதிமொழி, இன்னதைப் போற்றுகிறேன் என்பதைவிட எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. மீறினால் பிடித்துக் கேட்கலாம்.

கேட்க வேண்டிய நாளும் வந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பட்ஜெட்டில் அப்போது பத்துக் கோடி டாலருக்கு மேல் ஓட்டை விழுந்திருந்தது. 2024 அக்டோபரில் மூடவோ இணைக்கவோ வேண்டிய பள்ளிகளின் பட்டியல் வெளியானது. 13 பள்ளிகள். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பெற்றோருக்குப் புரியவில்லை, ஊர் கொதித்தது, சில நாட்களிலேயே சூப்பரின்டெண்டென்ட் பதவி விலகினார், திட்டம் நின்றது. நின்றதே தவிர முடியவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் குறைவான பிள்ளைகளுக்கு இத்தனை கட்டடங்கள் கட்டுப்படியாகாது என்பது கூட்டிக் கழித்தால் யாருக்கும் தெரியும். மூடத்தான் வேண்டியிருக்கும் என்பதுதான் என் கருத்து. இதைப் பள்ளி வாசலில் சொன்னால் அடிக்க வருவார்கள். மூடும்போது பெரிய பள்ளிகளில் நல்ல லைப்ரரியும் நர்ஸும் வரும், மாணவரை மையத்தில் வைத்தது ஆகும். ஆனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நடந்து போகும் சின்னப் பள்ளி போகும், அதுவும் மாணவரை மையத்தில் வைத்ததுதான். ஒரே விழுமியம் தன்னோடு தானே மோதப்போகிறது.

அடுத்த பட்டியல் வரும் கூட்டத்துக்குப் போய்ப் பேச முடிவு செய்திருக்கிறேன். பொதுமக்களுக்குக் கொடுப்பது ஒரு நிமிடமோ இரண்டோ, அதற்குள் ஐந்து விழுமியத்தைப் பற்றியெல்லாம் பேச முடியாது. கேட்கப்போவது இவ்வளவுதான்: எந்தப் பள்ளியை மூடுகிறீர்கள், அந்தப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறீர்கள் என்று அஜெண்டாவின் தலைப்பிலேயே போடுங்கள், சீனத்திலும் ஸ்பானிஷிலும் சேர்த்து. என் மகன் படித்த பள்ளியாக இருந்தாலும் போடுங்கள். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் கணவர். ஆனால் அன்றைக்கு மகனைத் தமிழ் வகுப்பிலிருந்து அவரே கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.